ஆறாவது கிண்ணம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதினால் எனக்கு நல்ல பெயர் வரப்போவதில்லை, அது ஒன்று. தமிழில் ஏழாம் வகுப்போடு நின்றவன் நான், ஒரு பக்கம் எழுத ஒரு கிழமை பிடிக்கும், அது இன்னொன்று. ஆனால் போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில், அதுதான் பூப்புனித விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவரிடம் கதைத்தது காதில் விழுந்தது.

"உந்தச் செயின்ட்-மிஷேலில பிள்ளையள் பாத்தாளே, ஒரு மட்டக்களப்புக்காரி, அவள் பிள்ளையளின்ர தலைமயிரை வெட்டி எரிச்சு மந்திரம் செய்தவளாம்."

"ஐயோ! ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். வீடியோ இருக்கு."

வீடியோ இருக்கிறது என்பது உண்மை. எடுத்தவன் நான். அதில் யாருடைய தலைமயிரும் இல்லை. நெருப்பு என்று பார்த்தால் ஒரு மெழுகுதிரி, அதையும் காற்று இரண்டு முறை அணைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோளில் தட்டி இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையில் சாப்பாட்டுக் கோப்பை, முன்னால் ஆட்டிறைச்சிக் கறி. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. ஆகவே இங்கே சொல்கிறேன். வாசித்து யாருக்காவது உறைத்தால் நன்றாக உறைக்கட்டும்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அன்ரிதான். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் மூன்று மாடி வீடு ஒன்று. கீழே வீட்டுக்காரர், வயதான இத்தாலியர். நடுவில் அன்ரி. மேலே அம்மாவும் நானும். வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படிக்கட்டு மூன்று வீட்டுக்கும் பொது. யார் எப்போது வருகிறார், எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்ரிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். யாரோ ஒரு பெரிய ஆணுக்குத் தைத்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவார். அதன் கைகள் விரல்நுனியையும் தாண்டித் தொங்கும். வீட்டிலேயே கார்தெரி நடத்தினார். வேலைக்குப் போகிற தாய்மாரின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை அது. நாலு பிள்ளைகள், நாலும் தமிழ்ப் பிள்ளைகள். அதில்தான் அவருடைய சாப்பாடும் வாடகையும். வேறு துணை ஒன்றும் கிடையாது.

அவர் மட்டக்களப்பு, நாங்கள் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டக்களப்பைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாம், பிறகு ஆள் திரும்பி வராதாம். விமானம் ஏறும்போது பலபேர் நகை, படம், பத்திரம் எல்லாம் தொலைத்தார்கள். இந்தக் கதையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அன்ரி குடிவந்த அன்றைக்கே அம்மா எனக்குப் புத்தி சொன்னார்.

"உவ தேத்தண்ணி தந்தாக் குடிக்காத. பாய் விரிச்சா இருக்காத."

எனக்கு அது போதாதா? அடுத்த நாளே போய்க் கதவைத் தட்டினேன்.

"அன்ரி, பாய் இருக்கோ?"

அவர் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். "பாய் இல்ல மனே. சோபாதான் கிடக்கு. அதுல ஒட்ட வைச்சா உன்னைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வரணும். செலவு கூட."

மனே என்றால் மகனே. மட்டக்களப்பில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அந்த ஒரு சொல்லால்தான் ஒட்ட வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வாசலில் ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான், கட்டித் தொங்கவிட்டார், யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமை கழித்து அன்ரி மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். "அக்கா, உங்கட தேசிக்காய் காய்ஞ்சு போச்சு. காய்ஞ்சா வேலை செய்யாது எண்டு சொல்வாங்க" என்று புதிது ஒன்றை அம்மாவின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா அதைக் கட்டுவதா, எறிவதா, ஊறுகாய் போடுவதா என்று தெரியாமல் அன்று முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அன்ரியிடம் ஒரு பேச்சு இருந்தது. "வைச்சா வைச்சதுதான்." பிள்ளைகள் கட்டையில் கோபுரம் கட்டும்போது ஒரு பிள்ளை வைத்த கட்டையை இன்னொரு பிள்ளை எடுக்கக் கூடாது. சரிந்தால் சரியட்டும். படிக்கட்டின் நடுத்தட்டில் அவர் வல்லாரை நட்ட மண்சட்டி ஒன்று வைத்தார். வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னார். வைத்தாகிவிட்டது என்றார் அன்ரி. குளிரில் வல்லாரை செத்தது, சட்டி மட்டும் இருந்தது. அடுத்த கோடையில் அந்த மனிதர் படிக்கட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது சட்டியைச் சுற்றித்தான் அடித்தார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய பல்கனியில் நாங்கள் நாலு பேர் சீட்டு விளையாடுவோம், முந்நூற்று நாலு. அன்ரி, நான், என் கூட்டாளி சீலன், சீலனின் அக்கா. சீலனும் நானும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரே களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினோம். அவனுடைய அக்காவின் மகன் அன்ரியிடம் விடுகிற நாலு பிள்ளைகளில் ஒருவன். ஒருநாள் சீலன் கைதவறித் துரும்பை இறக்கிவிட்டான். திருப்பி எடுக்கப் போன கையின் மேல் அன்ரியின் கை விழுந்தது.

"வைச்சா வைச்சதுதான் மனே."

"அன்ரி, பிழையா விழுந்திட்டுது."

"விழுந்தது விழுந்துபோட்டுது. எடுத்தாப் பிழை இல்லாமப் போயிருமா?"

அடுத்த ஆட்டத்தில் அவரே மாறிப் பெரிய சீட்டை வைத்துவிட்டார். எடுங்கோ எடுங்கோ என்று நாங்கள் மூன்று பேரும் கத்தினோம். எடுக்கவில்லை. தோற்றார். தோற்ற முகத்தோடு எழும்பிப் போய் எங்களுக்கு ரோல்ஸ் பொரித்தார்.

இப்போது சூனியத்துக்கு வருவோம், அதற்குத்தானே இவ்வளவு தூரம் வாசித்தீர்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. முன்பு கல் உடைத்த பள்ளம். கல் முடிந்ததும் நகரம் முழுவதும் தன் குப்பையை அதற்குள் கொட்டி நிரப்பி, மேலே மண் போட்டுப் புல் வளர்த்துவிட்டது. புல்லுக்கு நடுவே அங்கங்கே பெரிய வெள்ளைப் பந்துகள் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அது ஏதோ கலை என்று பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். கீழே குப்பை உக்கி வாயு வருகிறது, அதை உறிஞ்சுகிற குழாய்களின் மூடிதான் அந்தப் பந்துகள். வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

அன்ரி அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பூங்கா வழியாக வந்திருக்கிறார். அவர் கத்தோலிக்கம். புல்லில் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, ஏழெட்டு வெள்ளைக்காரர் வட்டமாக இருந்தார்கள். நரைமுடிப் பெண் ஒருத்தி இவரைப் பார்த்து வா, வந்து இரு என்று கை காட்டினாள். கோயில் ஆட்கள் பிக்னிக் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இவரும் போய் இருந்துவிட்டார். ஆறுதலாக, சொல் சொல்லாகப் பிரெஞ்சு கதைத்தார்கள். கேக் கொடுத்தார்கள். வகுப்புக்குக் காத்திருப்பதைவிட இது நல்லது என்று அடுத்த கிழமையும் போனார். கடைசியில் மூன்று முறை அருள்நிறை மரியே சொல்லி முடித்தாராம். அவர்களும் ஏதோ தங்களுக்குத் தெரியாத மந்திரம் என்று பக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

மூன்று கிழமை இப்படிப் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"மனே, சொர்சியேர் எண்டா என்ன?"

"சூனியக்காரி அன்ரி. ஏன்?"

"அந்தக் குளோதெத் தன்னை அப்படித்தான் சொல்றா."

குளோதெத் என்பது அந்த நரைமுடிப் பெண், முன்னாள் பள்ளிக்கூடத் தாதி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மட்டக்களப்பிலிருந்து மொன்றியல் வந்து, இவ்வளவு பெரிய நகரத்தில் தேடிப்பிடித்துச் சூனியக்காரிகளோடு போய் இருந்திருக்கிறார். அன்ரி சிரிக்கவில்லை. சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தார்.

"அவங்க தங்களுக்குத் தாங்களே வைச்ச பேர் மனே அது. என்ன சந்தோசமாச் சொல்றாங்க தெரியுமா? எனக்கு மற்றாக்கள் வைச்சது."

அடுத்த ஞாயிறும் போனார். அந்த முறை நான் காரில் கொண்டுபோய் விட்டேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நானே விட்டேன். அன்ரிக்கு உதவி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வட்டத்தில் ஊதா நிறத்தில் தலைமயிர் சாயம் போட்ட ஒரு பெட்டை இருந்தாள். அவளிடம் கதைக்க எனக்கு ஒரு விசயம் தேவைப்பட்டது. பாயோடு ஒட்ட வைக்கிற கதையை எடுத்துவிட்டேன். அன்ரியின் ஊர் மந்திரத்துக்குப் பேர்போன ஊர் என்றேன். அவளுடைய கண் விரிந்தது, எனக்கு அது போதும். அன்றிலிருந்து அந்த வட்டம் முழுவதும் அன்ரியை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கதையைப் பிரெஞ்சில் பெயர்த்த பெருமை என்னுடையது.

விக்கா என்று அவர்கள் சொல்கிற அந்த வழிபாட்டில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வடக்கே ஒரு கிண்ணத்தில் அந்தப் பூங்கா மண், கிழக்கே சாம்பிராணிப் புகை காற்றுக்கு, தெற்கே மெழுகுதிரி, மேற்கே தண்ணீர். நடுவில் வெறும் கிண்ணம் ஒன்று ஆன்மாவுக்கு. எங்களுடைய பஞ்சபூதம்தான், ஆகாயத்தின் இடத்தில் ஆன்மா. இதைச் சொன்னபோது அன்ரி, "அதானே, அஞ்சு எண்டா உலகம் முழுக்க அஞ்சுதான்" என்றார். ஆனால் அந்த ஊதாப் பெட்டை எங்கேயோ வாசித்துவிட்டு வந்தாள். ஐந்தோடு நிற்கத் தேவையில்லையாம். வேறு வட்டங்களில் உலோகம் சேர்க்கிறார்களாம், மரம் சேர்க்கிறார்களாம், பனிக்கட்டி, மின்னல், ஓசை, இருட்டு, ஒன்றுமே இல்லாத வெறுமை கூடச் சேர்க்கிறார்களாம். குளோதெத் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து என்றால் ஐந்து. இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செப்டெம்பரில் பகலும் இரவும் சமமாகிற நாள் அவர்களுக்குப் பெருநாள். அன்றைக்கு விரும்பியவர்கள் ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவரலாம், எது ஆறாவது என்று எல்லோரும் கூடித் தீர்மானிக்கலாம்.

குளோதெத் என் மூலமாக அன்ரியிடம் கேட்டார். உங்கள் ஊரின் பழைய பொருள் ஏதாவது, மஞ்சள், திருநீறு, அப்படி. ஊதாப் பெட்டை காதோரமாக வந்து, அந்தப் பாயில் ஒட்டுகிற சாமான் கிடைக்குமா என்றாள்.

மொழிபெயர்த்தேன். அன்ரி என்னையே பார்த்தார்.

"இவங்களுக்கு நீ என்னத்தைச் சொல்லி வைச்சிருக்கிறாய்?"

"சும்மா பகிடிக்கு அன்ரி."

"ம்." அவ்வளவுதான்.

அந்த முறை பெருநாள் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது, நல்ல வெயில், பேய்க்காற்று. தாடிக்கார மனிதர் ஒருவர் பிளாஸ்கிலிருந்து பனிக்கட்டியைக் கொட்டினார். அரை வருடம் நம்மை ஆளுகிறது இதுதான் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ஊதாப் பெட்டை ஒரு சதுர பற்றரி வைத்தாள், மின்னலாம். ஒருவர் பழைய இரும்பு ஆணி. அன்ரியின் முறை வந்தது. தேங்காய்ப்பூ வைக்கிற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து எடுத்து நடுவில் வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோப்பி மூடி. சிப்ஸ் பை. சிகரெட் அடிக்கட்டை. ஒரு சிறு பிள்ளையின் ஒற்றைக் கையுறை. வழி வழியே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் கைபேசியைத் தூக்கினேன். இதைவிட நல்ல பகிடி எப்போது கிடைக்கும்?

குளோதெத் மெதுவாகக் கேட்டார், இது என்ன என்று. அன்ரி எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அவர் சொன்னது இதுதான்:

"நீங்க வடக்கால மண் எண்டு கும்பிடுறது மண் இல்ல. மேல ஒரு சாண் மண். கீழ முழுக்க நீங்க எறிஞ்ச குப்பை. எறிஞ்சுபோட்டு மூடிட்டா முடிஞ்சுது எண்டு நினைச்சீங்க. முடியல்ல. அது உள்ளுக்குக் கிடந்து சுடுது, ஆரும் நெருப்பு வைக்கல்ல. மூச்சு விடுது, அதுக்குத்தான் இந்த வெள்ளைப் பந்து எல்லாம். இது மண் இல்ல, தண்ணி இல்ல, நெருப்பு இல்ல, காத்து இல்ல. இது வேற. நீங்க வேணாம் எண்டு விட்டது. இப்ப உங்கட லைற் அதுலதான் எரியுது."

குளோதெத் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார், "இது பூதம் இல்லை அம்மா, இது பிரச்சினை."

"பூதம் எண்டா என்ன?" என்று அன்ரி கேட்டார். "இல்லாம ஆக்க ஏலாதது. ஏலும் எண்டா இதை இல்லாம ஆக்கிக் காட்டுங்க."

தாடிக்காரர் தன் பனிக்கட்டி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை எடுக்கும்படி குளோதெத் இன்னொரு முறை கேட்டார். அன்ரி எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் தொங்குகிற சட்டைக் கையோடு, ஒரு பூட்டுப் போல நின்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கைபேசி குலுங்கியது. அன்று பின்னேரமே எங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலே ஒரு வரி எழுதினேன்: "மட்டக்களப்புச் சூனியம், மொன்றியல் கிளை திறப்புவிழா." சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு பிள்ளைகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது. புதன்கிழமை பின்னேரம் பெற்றோர் எல்லோரும் அன்ரியின் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நியாயம் கேட்கிற ஆளாகப் போனார். நான் கதவடியில் நின்றேன்.

பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் ஒரேயொரு வசனம் கேட்டார்கள். ஒரு தகப்பன் சொன்னார்:

"அது என்னெண்டு தெரியாமப் போனனான், இனிப் போகமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நாளைக்கே பிள்ளையளை அனுப்புறம். எங்களுக்கும் உங்களை விட்டா வேற ஆள் இல்லை."

அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "முதல் மூணு கிழமை தெரியாமத்தான் போன நான். மறுகா தெரிஞ்சு போன நான். ரெண்டையும் சொல்லட்டா, ஒண்டை மட்டும் சொல்லட்டா?"

"முதலாவதைச் சொன்னாக் காணும்."

"அப்ப மற்றதை எங்க போடுறது? குப்பையிலயா?"

அம்மா இடையில் வந்தார். "பிள்ளை, வாடகை கட்டவேணும். வீம்பு பிடிச்சு என்ன காணப்போறீர்?" அம்மா அவரைப் பிள்ளை என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வீம்பு இல்ல அக்கா. நான் போனது உண்மை. அங்க பிள்ளைகளைக் கொண்டுபோகல்ல, அதுவும் உண்மை. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யல்ல. இதுல எதைத் திருப்பி எடுக்கச் சொல்றீங்க?"

தகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்கள் மட்டக்களப்பு எண்டு தெரிஞ்சும்தானே நாங்கள் பிள்ளையளை விட்டனாங்கள்."

அன்ரி கேத்தலைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சும் எண்டா?"

"சும்மா சொன்னனான்."

"இல்ல. வைச்சிட்டீங்க. வைச்சா வைச்சதுதான். மிச்சத்தையும் சொல்லி முடிங்க."

முதலில் அந்தத் தகப்பன் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சப்பாத்தைத் தேடினார்கள். தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. சீலனின் அக்கா மட்டும் தன் கோப்பையைக் குடித்து முடித்தார். பிறகு பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்தார், அதையும் குடித்தார். அடுத்த நாள் காலை அவருடைய மகன் மட்டும் வந்தான்.

நான்? நான் கதவடியிலேயே நின்றேன். எடுத்தது நான், எழுதிப் போட்டது நான், பாய்க்கதையை இரண்டு பக்கமும் விற்றது நான், அன்ரி பாவம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவாவது என்னோடு சேர்ந்திருப்பார். வாய் கிழியக் கதைக்கிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் படிக்கட்டில் அவரைக் கண்டேன். பகிடி விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"அன்ரி, நீங்கள் இப்ப பெரிய ஆள். மொன்றியல் முழுக்கத் தெரியும்."

"நான் பார்த்த நான் மனே, அந்த வீடியோவ. மூணு தரம்." வல்லாரை செத்த சட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். "நான் வாயை அசைக்கிறன். ஒண்டும் கேக்கல்ல. காத்துக் கேக்குது. மறுகா உன்ட சிரிப்புக் கேக்குது."

"அழிச்சிட்டன் அன்ரி."

"நீ வைச்சிட்டாயே. அழிச்சா அழியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குத் தொடர்ந்து போனார், இப்போது நடந்து. நான் காரை வெளியே எடுத்து நிறுத்திக்கொண்டு நின்றால் மறுபக்கத்து நடைபாதையால் போவார். அங்கேயும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிண்ணத்தை வைத்தாராம். ஊதாப் பெட்டைதான் பிறகு சொன்னாள். அவளும் என்னோடு சரியாகக் கதைப்பதை விட்டிருந்தாள். நாலு கிழமை குளோதெத் எடுக்கச் சொன்னாராம். ஐந்தாம் கிழமை எடுக்கச் சொல்லவில்லை. குளிருக்கு வட்டம் குளோதெத்தின் நிலக்கீழ் அறைக்கு மாறியபோது, ஆறாவது கிண்ணத்துக்கு என்று துணியில் ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்களாம். அதாவது அங்கே அவர் வென்றுவிட்டார். இங்கே ஒரு பிள்ளையோடு ஒரு கார்தெரி ஓடாது.

பின்னேரங்களில் ஒரு டெப்பனரில், மூலைக்கடையில், நின்று பால், பியர், லொத்தர் விற்றார். போதவில்லை. எங்கள் ஆட்கள் சிலர் அந்தக் கடைக்குப் போவதையே விட்டார்கள், அவர் கை பட்ட பாலாம். யாராவது இதை இல்லை என்று சொல்ல வந்தால் பெயரோடு சொல்வேன். பெயர் எழுத மாட்டேன் என்றது அன்ரிக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

ஜூலை முதலாம் திகதி இந்த ஊரே வீடு மாறுகிற நாள். நடைபாதை எல்லாம் மெத்தை, உடைந்த கதிரை, தொலைக்காட்சிப் பெட்டி, நேற்று வரைக்கும் வீட்டுக்குள் இருந்த சாமான்கள். அன்று காலை எங்கள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. குளோதெத் இறங்கினார், தாடிக்காரர் இறங்கினார், ஊதாப் பெட்டை இறங்கினாள், தலைமயிர் இப்போது பச்சை. அந்த வளைந்த படிக்கட்டால் அன்ரியின் சோபாவை இறக்க அவர்கள் பட்ட பாட்டை நாங்கள் யன்னல் துணிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். தெருவில் எத்தனை தமிழ் வீடு இருந்ததோ அத்தனை யன்னலிலும் துணி அசைந்தது.

அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னார், "போய் ஒரு கை குடன்டா."

இறங்கிப் போனேன். அன்ரி வான் பக்கத்தில் நின்றார்.

"அன்ரி, கதிரையள் நான் தூக்கட்டோ?"

"வேணாம் மனே."

"கோபமோ?"

"கோபம் இல்ல. நீ தூக்கினா உனக்கு ஒள்ளம் நிம்மதி வந்திரும்."

ஒள்ளம் என்றால் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் எனக்குத் தரவில்லை. சட்டைக் கைகளை மடித்துவிட்டு வானில் ஏறினார். முன்னால் குளோதெத்துக்கும் தாடிக்காரருக்கும் நடுவில், குள்ளமான ஆள், தலை மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் தேடாமல் இல்லை. மொன்றியல்-நோர் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார், நாலு ஞாயிறு அங்கே கோயில் வாசலில் நின்றேன். பூங்காவில் வட்டம் இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ யோகா செய்கிறார்கள். குளோதெத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். முகவரி கொடுப்பது என் வேலை இல்லை என்று கதவைச் சாத்தினார், பள்ளிக்கூடத் தாதி பொய்வயிற்றுவலிக்காரனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வையோடு.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் அன்ரி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கிற தைரியமும் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்த நீங்கள் எல்லோரும் காற்றையும் என்னையும்தான் கேட்டீர்கள். அவர் சொன்னது இதோ மேலே இருக்கிறது, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலைமயிர் எரித்தவர் என்று இனி யாராவது கதைத்தால், எந்த மண்டபமாக இருந்தாலும் சாப்பாட்டு வரிசையை விட்டு வெளியே வந்து சத்தமாகச் சொல்வேன். இறைச்சிக்கறி முடிந்தால் முடியட்டும்.

எழுதி முடித்ததும் முதலில் சீலனுக்கு அனுப்பினேன். அன்ரிக்கு இது எப்படியாவது போய்ச் சேர வேண்டும், எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை என்றும் கீழே எழுதினேன். அவன் வாசித்துவிட்டான் என்று கைபேசி காட்டியது. ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"அவ எங்க இருக்கிறா எண்டு எனக்குத் தெரியும் மச்சான், உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ."